தானியங்கி லிட்டர் பாக்ஸ்: சென்சார் கோளாறுகளைக் கண்டறியும் முறையும் பராமரிப்பும்

பூனை மணலில் கழித்த கழிவைத் தானே பிரித்து அகற்றும் பெட்டியான தானியங்கி லிட்டர் பாக்ஸை வாங்கிய புதிதில் பலரும் இரண்டு சிக்கல்களைச் சந்திக்கிறார்கள். பூனை வெளியே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே பூனை இருப்பதாகக் காட்டி இயந்திரம் நின்றுவிடுகிறது; அல்லது, கழிவுத் தட்டைக் காலி செய்த சிறிது நேரத்திலேயே, தட்டு நிறைந்துவிட்டதாக விளக்கு மினுக்குகிறது. உடனே சென்சார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய பாகத்துக்குப் பணம் கட்டுவோர் உண்டு. உண்மையில் பெரும்பாலான நேரங்களில் சென்சாரில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. கண்ணாடியில் படிந்த மணல் தூசியையோ, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் தரையையோ, அளவுக்கு மேல் கொட்டிய மணலையோ அது தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அறிவித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, சென்சார் கெட்டுவிட்டதா என்று பார்ப்பதற்கு முன், அது இப்போது எதை உணர்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

எந்தெந்த சென்சார்கள், எங்கே இருக்கின்றன

சந்தையில் பல வகை இயந்திரங்கள் இருந்தாலும், எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த விஸ்கர் நிறுவனத்தின் லிட்டர்-ரோபோட் 3 மாதிரியை எடுத்துக்கொள்வோம். இதன் உருண்டையான டிரம் மெதுவாகச் சுழல, கட்டியான கழிவு சல்லடையில் பிரிந்து அடியிலுள்ள தட்டில் விழுகிறது. பூனை உள்ளே ஏறியதை அடிப்பாகத்திலுள்ள எடை சென்சார் உணர்கிறது. பூனை இறங்கியதும் நேரக் கணக்கு தொடங்கி, 3, 7, 15 நிமிடங்களுள் நாம் தேர்ந்தெடுத்த இடைவெளி முடிந்தபின் டிரம் சுழலும். டிரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை, அதில் பதிக்கப்பட்ட காந்தங்களைக் கொண்டு ஹால் சென்சார் அறிகிறது. கழிவு விழும் வாயருகே இருக்கும் அகச்சிவப்பு சென்சார், தட்டு நிறைந்துவிட்டதா என்று பார்க்கிறது.

அதன் அடுத்த மாதிரியான லிட்டர்-ரோபோட் 4, எடை சென்சாரோடு நுழைவாயிலில் ஒளிக்கதிர் கொண்டு தூரத்தை அளக்கும் சென்சார்களையும் வைத்திருக்கிறது. சீப்பு போன்ற வாரியால் மணலை வாரித் தள்ளும் பழைய வகைப் பெட்டிகள் பெரும்பாலும் அகச்சிவப்பு சென்சாரை மட்டுமே நம்பியிருக்கின்றன. உங்கள் இயந்திரத்தில் எந்த வகை, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து, பெட்டியில் விரல் வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இது தெரியாமல் துடைக்கத் தொடங்குவதில் பயனில்லை.

கை வைப்பதற்கு முன்

பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். நிறுத்தும் பொத்தானை மட்டும் நம்பாமல், அடாப்டரைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பேட்டரியும் உள்ள மாதிரியென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். கையுறை அணிவது நல்லது. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்கள் இந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

எந்தச் சூழ்நிலையிலும் சென்சாரை ஏமாற்றி இயந்திரத்தை ஓட வைக்கக் கூடாது. அகச்சிவப்பு சென்சாரின் மேல் டேப் ஒட்டுவது, எடை சென்சாரின் கம்பியை நேரடியாக இணைத்துவிடுவது போன்ற குறுக்குவழிகளை இணையக் காணொளிகளில் சிலர் காட்டுகிறார்கள். தட்டு நிறைந்ததைக் காட்டும் சென்சாரை ஏமாற்றினால் கழிவு வழியும், அவ்வளவுதான். பூனையை உணரும் சென்சாரை ஏமாற்றினாலோ, சுழலும் டிரம்முக்கும் அசையாத சட்டத்துக்கும் நடுவே பூனையின் கழுத்து சிக்கிக்கொள்ளலாம். மலிவான சில சுழலும் பெட்டிகளில் பூனைகள் சிக்கி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. ஆகவே பழுது தீரும்வரை மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைச் சாதாரண மணல் தட்டாகப் பயன்படுத்துவதோ, பக்கத்தில் தனியாக ஒரு தட்டு வைப்பதோதான் பாதுகாப்பானது.

முதல் படி: விளக்கைப் படித்துக் குறித்துக்கொள்ளுதல்

இயந்திரம் நின்றவுடன் அணைத்துப் போட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்கு முன் விளக்கின் நிறம், அது நிலையாக எரிகிறதா மினுக்குகிறதா, டிரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது ஆகியவற்றைக் கைப்பேசியில் படமோ காணொளியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தபின் இந்தத் தகவல்கள் கிடைக்கமாட்டா. லிட்டர்-ரோபோட் 3 மாதிரியில் நிலையான நீலம் தயார் நிலையையும், நிலையான சிவப்பு எடை சென்சார் தூண்டப்பட்டு நேரக் கணக்கு ஓடுவதையும், மஞ்சள் டிரம் சுழல்வதையும், மினுக்கும் நீலம் தட்டு நிறைந்ததையும் குறிக்கின்றன. மற்ற நிறுவனங்களின் குறியீடுகள் வேறாக இருக்கும் என்பதால், கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பெட்டியின் அருகிலேயே ஒட்டி வைப்பது நல்ல வழக்கம்.

கைப்பேசிச் செயலியில் இயந்திரம் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதைச் சென்சார் கோளாறு என்று எண்ண வேண்டாம். அது வைஃபை பற்றிய செய்தி. இத்தகைய பெட்டிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். இணைப்பு இல்லாவிட்டாலும் சென்சார்கள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

எடை சென்சார்: பூனை இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டினால்

கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இங்கேதான் என்பது என் கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். எடை சென்சார் ஓர் அடிப்படை எடையை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத்தான் கணக்கிடுகிறது. மளிகைக் கடையில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு எண்ணெய் ஊற்றுவது போன்றதே இது. பூஜ்ஜியமாக்கிய பிறகு யாரேனும் தராசின் ஓரத்தில் கை வைத்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது.

முதலில் இயந்திரத்தைச் சுவரிலிருந்தும் மரச்சாமான்களிலிருந்தும் சில அங்குலம் தள்ளி வையுங்கள். பின்பக்கம் சுவரில் இலேசாகச் சாய்ந்திருந்தால்கூட எடை மாறும். அடாப்டரின் வயர் காலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கி, அடிக்கால்களில் ஒட்டியிருக்கும் மணல் துகள்களைத் துடைத்தெடுங்கள். பிறகு தரையைச் சோதியுங்கள். நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும்போது பெட்டி ஆடினால், அந்த இடம் பொருந்தாது. தடித்த தரைவிரிப்பின் மேல் வைத்தால் கால்கள் புதைந்து அடிப்பலகையே தரையைத் தொட்டுவிடும். எடையின் ஒரு பகுதி சென்சாருக்குப் போகாமல் விரிப்புக்குப் போகும். பூனையின் கால் மணலைத் தட்டிவிடுவதற்காக முன்னால் போடும் மிதியடியை, பெட்டியின் முன்கால்களுக்கு அடியில் செருகிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மிதியடி முழுவதும் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

அடுத்து மணலின் அளவு. டிரம்முக்குள் குறிக்கப்பட்டுள்ள கோட்டைத் தாண்டி மணல் இருந்தால் குறையுங்கள். புதிதாக மணல் சேர்த்தபின் ரீசெட் பொத்தானை அழுத்தவோ, ஒருமுறை முழுச் சுழற்சி ஓட விடவோ மறந்தால், சேர்த்த மணலையே இயந்திரம் பூனையாக எடுத்துக்கொள்ளும். ரீசெட் செய்யும் வேளையில் பெட்டியின் மேல் கை ஊன்றியிருக்கக் கூடாது. ஊன்றினால் உங்கள் கையின் எடையும் அடிப்படை எடையில் சேர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால், மணல் முழுவதையும் எடுத்துவிட்டு, கெட்டியான சமதரையில் வெறும் பெட்டியை வைத்து, மின்சாரம் கொடுத்து ரீசெட் செய்யுங்கள். அப்போதும் பூனை இருப்பதாகக் காட்டினால்தான், சென்சாரிலோ அதன் கம்பி இணைப்பிலோ பழுது என்று சொல்ல இடமுண்டு.

எடை சென்சார்: பூனை இருந்தும் உணராவிட்டால்

முன்னது வெறும் தொல்லை, இது ஆபத்து. சோதிப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ என்ற கணக்கு போதும். உங்கள் பூனையின் எடைக்கு நிகராக, எடுத்துக்காட்டாக 3 கிலோ பூனைக்கு மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களை ஒரு துணிப்பையில் கட்டி, தயார் நிலையில் இருக்கும் டிரம்முக்குள் மெதுவாக வையுங்கள். விளக்கு உடனே மாற வேண்டும். எடையைக் காட்டும் செயலி இருந்தால், அந்த எண்ணையும் சமையலறைத் தராசின் எண்ணையும் ஒப்பிடுங்கள். பையை முன்பக்கம், நடு, பின்பக்கம் என இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் பல லோடு செல்கள் (எடையை உணரும் சிறு பாகங்கள்) உள்ள பெட்டியில் ஒன்று மட்டும் செயலிழந்தால், ஓரிடத்தில் சரியாகவும் வேறோர் இடத்தில் தவறாகவும் காட்டும். சோதனை முடிந்து பையை எடுத்ததும் இயந்திரம் நேரக் கணக்கைத் தொடங்கிவிடும் என்பதை நினைவில் கொண்டு, கையை உள்ளே விடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் குறைந்தபட்ச எடை வரம்பு உண்டு. லிட்டர்-ரோபோட் 3 மாதிரிக்கு அது 5 பவுண்டு, அதாவது சுமார் 2.3 கிலோ, நான்காம் மாதிரிக்கு 3 பவுண்டு, சுமார் 1.4 கிலோ. நம் ஊர்ப் பெண் பூனைகள் பல 2.5 கிலோவை ஒட்டியே இருக்கும். குட்டிகள் அதற்கும் வெகு கீழே. வரம்பை எட்டாத பூனை வீட்டில் ஒன்று இருந்தாலும் தானியங்கி முறையை அணைத்து வையுங்கள். பூனைகள் எல்லாம் வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, நீங்களே பொத்தானை அழுத்திச் சுழல விடுங்கள்.

அகச்சிவப்பு சென்சாரும் தூரம் அளக்கும் சென்சாரும்

அகச்சிவப்பு சென்சாரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒரு பக்கத்திலிருந்து வரும் கதிரை எதிர்ப்பக்கத்திலுள்ள கண் வாங்குகிறது. நடுவே எதுவும் வந்தால் கதிர் அறுபடுகிறது. மற்றதில், அனுப்பும் கண்ணும் வாங்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அது இருப்பதை அறிகின்றன. ஒளி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் சென்சாரும் இந்த இரண்டாம் வகையின் நுட்பமான வடிவமே. தூசி படிந்தால் முதல் வகை, கதிர் மறைந்ததால் தடை இருப்பதாகச் சொல்லும். இரண்டாம் வகையில், தூசியே ஒளியைத் திருப்பியனுப்புவதால், மிக அருகில் ஏதோ இருப்பதாகச் சொல்லும். எப்படியானாலும் மருந்து ஒன்றுதான்: துடைப்பது.

துடைப்பதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியே முதல் தேர்வு. ஒட்டிக் காய்ந்த கறை இருந்தால், துணியை வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, பின் உலர்துணியால் ஈரத்தை எடுங்கள். குழிவான இடங்களுக்குப் பஞ்சுக் குச்சி உதவும். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் போன்றவை சில வகை பிளாஸ்டிக் முகப்புகளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி, அவற்றை நிரந்தரமாக மங்கச் செய்துவிடும் என்பதால் தவிர்க்கவும். சென்சார் மேல் நேரடியாக எதையும் தெளிக்கக் கூடாது.

கதிர் வருகிறதா என்பதைக் கைப்பேசிக் கேமராவால் பார்க்கலாம். முதலில் டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால், செல்ஃபி கேமராவை முயன்று பாருங்கள். பல கைப்பேசிகளில் அதில் வடிகட்டி குறைவாக இருக்கும். பிறகு அதே கேமராவை, மின்சாரம் உள்ள நிலையில், சென்சாருக்கு நேரே பிடியுங்கள். ஒளி தெரிந்தால் அனுப்பும் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தெரியாததால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்; சில சென்சார்கள் விட்டு விட்டு, மிகக் குறுகிய நேரத்துக்கே ஒளிரும்.

சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ஜன்னல் வழியே வரும் வெயில் குறிப்பிட்ட நேரத்தில் நுழைவாயிலில் விழுந்தால், அந்த நேரத்தில் மட்டும் கோளாறு வரும். தினமும் ஒரே வேளையில் தொல்லை என்றால், பெட்டியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். இன்னொரு செய்தி, கறுப்புப் பூனை வளர்ப்போருக்கு: கருமையான ரோமம் அகச்சிவப்பைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். எடை சென்சார் இல்லாமல் இந்த ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் பெட்டியானால், ஒரு கறுப்புத் துணியைச் சுருட்டி வாயிலில் நீட்டி, இயந்திரம் அதை உணர்கிறதா என்று சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

தட்டு நிறைந்ததாகக் காட்டும் சென்சார்

தட்டு காலியாக இருந்தும் விளக்கு மினுக்கினால், துடைப்பதற்கு முன் கழிவுப் பையைப் பாருங்கள். நிறுவனத்தின் பைக்குப் பதிலாகச் சாதாரணக் குப்பைப் பை போடும்போது, அதன் விளிம்பு மேலெழும்பிக் கதிருக்குக் குறுக்கே நிற்பது வழக்கம். விளிம்பைத் தட்டின் வெளிப்புறமாக மடித்துவிட்டால் போதும். கழிவு ஒரே இடத்தில் விழுந்து குவியலாக உயர்ந்திருந்தாலும் இதே அறிவிப்பு வரும். தட்டை வெளியே எடுத்து இலேசாக ஆட்டினால் குவியல் பரவிவிடும். சிலந்தி வலையும் சிறு பூச்சிகளும்கூடக் காரணமாகலாம்.

டிரம் தவறான இடத்தில் நின்றால்

காந்தப்புலம் பிளாஸ்டிக்கையும் தூசியையும் ஊடுருவிச் செல்லும். எனவே ஹால் சென்சார் விஷயத்தில் துடைப்பது பெரும்பாலும் பயன் தராது. டிரம்மைக் கழற்றி மாட்டும்போது அது தன் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால், காந்தம் சென்சாருக்கு எட்டாத தூரத்தில் கடந்துபோகும். டிரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. மறுபடியும் கழற்றி, பற்சக்கரத்தில் சிக்கிய மணலைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள். காந்தம் இருக்குமிடத்தில் ஓர் இரும்பு பேப்பர் கிளிப்பை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் காந்தம் கழன்று விழுந்திருக்கலாம். டிரம் பாதியில் முனகிக்கொண்டு நின்றால், அது ஹால் சென்சாரின் குறையாக இராது; மணல் சுமை கூடி மோட்டார் திணறுவதாக இருக்கலாம்.

மேல் மூடி, கழிவு வாய் ஆகியவற்றில் உலோகத் தொடுமுனைகள் உள்ள மாதிரிகளில், சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும் அவற்றைப் பச்சை பூக்கச் செய்யும். மின்சாரம் இல்லாத நிலையில், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் தேய்த்து நன்கு உலர விடுங்கள். முன்பு சொன்ன தடை பிளாஸ்டிக் முகப்புக்குத்தான். உலோகத்துக்கு இது பொருந்தும்.

மின்சாரமும் இதோடு சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியானால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகக் கூடாது. மின்தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நொடியில் இயந்திரம் தன்னைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளும் மாதிரி என்றால், அப்போது உள்ளே பூனை இருந்தால் கணக்கே புரண்டுபோகும். அடிக்கடி மின்தடை ஏற்படும் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் பொருத்துவது சிறந்தது.

அடிக்கடி பூனை வந்ததாகக் காட்டினால்

ஒரு மணி நேரத்தில் பூனை பலமுறை உள்ளே போய் வந்ததாகச் செயலியின் பதிவு காட்டும்போது, முதலில் பூனையைப் பாருங்கள், சென்சார் பிறகு. பூனை உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமலோ சில சொட்டுகள் மட்டும் விட்டோ எழுந்து வந்தால், சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். ஆண் பூனைகளில் இது ஓரிரு நாள்களில் உயிரைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்தப் பெட்டிகளின் பதிவுகளால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன்; எடை சென்சாரைச் சரியாக வைத்திருப்பதற்கு வலுவான காரணமும் இதுவே. மெல்ல மெல்ல எடை குறைவதாகப் பதிவு காட்டினால், தண்ணீர்ப் பாட்டில் சோதனையால் சென்சாரைச் சரிபார்த்துக்கொண்டு, அது சரியாக இருந்தால் மருத்துவரை நாடுங்கள்.

பராமரிப்பு வழக்கம்

வாரம் ஒருமுறை, கழிவுப் பையை மாற்றும் அதே வேளையில், ஒளி சென்சார்களை உலர்துணியால் துடைத்து, கால்களின் அடியைத் தட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து கழுவி, முழுமையாக உலர்ந்த பின் மாட்டி, தண்ணீர்ப் பாட்டில் சோதனையைச் செய்யுங்கள். அடிப்பாகத்தை ஒருபோதும் தண்ணீரில் முக்கவோ, குழாயடியில் கழுவவோ கூடாது.

கழுவ மிதமான சோப்புத் தண்ணீர் போதும். நம் வீடுகளில் கை முதலில் போவது பினாயில் பாட்டிலுக்குத்தான். ஆனால் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க முடியாது, அவை அதற்கு நஞ்சு. பிளீச்சிங் திரவமும் வேண்டாம். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சுக்குழலை எரிக்கும் குளோரமின் வாயு உண்டாகும்.

மணலைத் தேர்ந்தெடுப்பதும் சென்சார் பராமரிப்பின் பகுதியே. இறுகக் கட்டியாகும், தூசி குறைந்த பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) மணல் பெரும்பாலான சுழலும் பெட்டிகளுக்குப் பொருந்தும். மூட்டையைக் கொட்டும்போது புகைபோல எழும் மலிவான வகை, சில நாள்களிலேயே ஒளி சென்சார்களை மறைத்துவிடும். சோயா நாரிலிருந்து செய்யப்படும் டோஃபு மணலில் தூசி குறைவு; ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது ஊறிப் பூஞ்சை பிடிக்கக்கூடும், சல்லடையிலும் ஒட்டும். அந்த மாதங்களில் பெட்டியைக் குளியலறையில் வைக்காமல், காற்றோட்டமான உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

பாகத்தை மாற்றுவதும் மறுபடி ஓடவிடுவதும்

துடைத்து, தரை மாற்றி, காலி செய்து ரீசெட் செய்த பின்னும் அதே குறியீடு திரும்பத் திரும்ப வந்தால் பாகத்தை மாற்றலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் பெட்டியைத் திறக்காமல், முதலில் எடுத்த காணொளியோடு நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் நிறுவனங்கள் உண்டு. காலம் முடிந்திருந்தால், அதே மாதிரி எண்ணுக்குரிய அசல் பாகத்தையே வாங்குங்கள். தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் வேறு சென்சார் வேறு அளவில் சமிக்ஞை தரக்கூடும்.

மாற்றிய பிறகு, பூனையை வெளியே நிறுத்தி ஒரு முழுச் சுழற்சியை ஓடவிடுங்கள். இரண்டாவது சுழற்சியில், டிரம் நகரத் தொடங்கியதும் ஒரு நீளமான மரக்கரண்டியால் பெட்டியின் படியை அழுத்தியோ, நுழைவாயிலில் அதை நீட்டியோ, இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். கையை விட்டுச் சோதிக்க வேண்டாம். நின்றால் மணலை நிரப்பி, ரீசெட் செய்து, சில நாள்களுக்குக் கைமுறையிலேயே வைத்திருந்து, பூனை ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விளக்கு மாறுகிறதா என்று கவனித்துவிட்டுத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள்.